தணிகாசலத்தின் கட்டைவிரல்கள்

மகள் குயிலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தணிகாசலம் லீவு கேட்டான். பனியன் கம்பெனி சூப்பர்வைசர் நல்ல மனுஷன். “தாராளமாப் போப்பா. காலையிலயும் சாயங்காலமும் உன் ரெண்டு கட்டைவிரலும் அட்டெண்டன்ஸ் மெஷின்ல பதிஞ்சிடணும், அவ்வளவுதான்” என்றார்.

தணிகாசலம் ஒரு கட்டைவிரலைத் திருகிக் கழற்றினான். அடுத்ததைக் கழற்றக் கூட்டாளி சவரி உதவினான். இரண்டையும் தன் டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டான்.

“டிபன் பாக்ஸ நல்லா மூடுடா, எறும்பு மொய்க்கும்.”

“எம்புள்ள மாதிரி பாத்துக்கிறேன், நீ கெளம்பு.”

அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்தால்தான் குயிலிக்குத் தூக்கம் வரும். ஜுரத்தில் கண் திறக்க முடியாமல் கிடந்தவள், அவன் நீட்டிய இரண்டு கைகளிலும் எட்டு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, இது யாரு? அப்பா எப்ப வருவாரு?”

தணிகாசலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கம்பெனி விட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.