மூணு பேர்

திண்டிவனம் கல்லூரியின் சர்வர் அறையில் மணி மூன்று. நான்கு மணிக்கு ஒன்பதாயிரம் பேர் இணையத்தில் தேர்வு முடிவு பார்க்க வருவார்கள். போன தடவை போல சர்வர் படுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அலுவலர் புனிதா. சுமையைப் பங்கிட மூன்று புது சர்வர்களைக் கிளஸ்டராக, அதாவது ஒரே கூட்டாக, சேர்க்க விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் 'தலைமை ஆலோசகர்' நெடுஞ்செழியன் ஒரு விசையைத் தட்டிவிட்டு, தீபாராதனை காட்டியவர்போல் கையை உயர்த்துகிறார். திரையில் பச்சை எழுத்துகள் ஓடுகின்றன. "ஒரே ஸ்கிரிப்ட் மேடம். மூணு பேரும் ஜல்தியா கிளஸ்டர்ல சேர்ந்துட்டாங்க." புனிதா திரையை விட்டு அலமாரியைப் பார்க்கிறாள். பழைய ஒற்றைப் பெட்டிதான் நீல விளக்கைச் சிமிட்டியபடி இரைகிறது. "மூணு பேரும் எங்க சார் குந்திக்கினு இருக்காங்க?" "அதெல்லாம் உள்ளுக்குள்ள மேடம். ஆர்க்கிடெக்சர்."

அவள் மவுஸை வாங்கி சர்வர் பட்டியலைத் திறக்கிறாள். மூன்று புதுப் பெயர்களுக்கும் எதிரே ஒரே முகவரி; அந்தப் பழைய பெட்டியின் முகவரி. நெடுஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வேலை முடிந்ததற்கான படிவத்தை நகர்த்துகிறார். "கையெழுத்து மட்டும் போட்டுடுங்க." 'சேர்க்கப்பட்ட சர்வர்கள்: மூன்று' என்று அச்சடித்திருக்கிறது. 'சர்வர்கள்' என்பதை அடித்துவிட்டுப் 'பெயர்கள்' என்று எழுதிக் கையெழுத்திடுகிறாள். "நாலு மணிக்குப் போன் வந்தா உங்களுக்கே திருப்பி வுடறேன். நம்பரைக் கீழ எழுதுங்க சார்."