யாருக்கு யார்

பொக்கை இந்த வருடம் கித்தார்க்காரியின் மடியில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பிள்ளைக்கு நகம் வெட்ட, நர்ஸ் அந்த மடிக்கு முன்னால் மண்டி போட வேண்டியிருந்தது.

சபையிலிருந்து பன்னிரண்டு பேர் ஊழியத்துக்கு வந்திருந்தார்கள். குடிசைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. காலையில் பாட்டும் வேதாகமக் கதையும்; அதற்குப் பிறகு பேன் மருந்து, புண்ணுக்குக் களிம்பு, நகம். வருடத்துக்குப் பத்து நாள். நர்ஸுக்கு இது மூன்றாவது வருடம். இதற்காகவே லீவைச் சேர்த்துச் சேர்த்து வைப்பாள்.

முதல் வருடம் வேன் கதவைத் திறந்ததுமே இந்தப் பிள்ளைதான் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. முன்பல் இரண்டும் இல்லை. பொக்கை என்று பெயர் வைத்ததே நர்ஸ்தான். பல் முளைத்துவிட்டது, பெயர் போகவில்லை.

இரண்டு வருடமும், வந்த பத்து நாளும் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. கிளம்பும்போது தெருமுனை வரை வேனுக்குப் பின்னால் ஓடிவந்தது. வார்டில் யாராவது எரிந்து விழும் நாட்களில் நர்ஸ் அந்த ஓட்டத்தை நினைத்துக்கொள்வாள்.

இந்த முறையும் ஓடிவந்தது. நர்ஸ் கைகளை விரித்தாள்.

பிள்ளை அவளைத் தாண்டிப் போய் கித்தார்க்காரியைக் கட்டிக்கொண்டது.

நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான், இந்த வருடம்தான் முதல்முறை வந்திருக்கும் அந்தக் கித்தார்க்காரி. பேன் மருந்து வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவள். ஆறு நாளாக நர்ஸுக்கு வயிறு எரிந்தது.

பொறாமையில் அண்ணன்மார் யோசேப்பைக் குழியில் தள்ளிய கதையை அன்று காலை பிள்ளைகளுக்குச் சொன்னவளும் அவள்தான். சொல்லும்போது, அண்ணன்மார் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல் பட்டது.

கித்தார்க்காரி குனிந்து பிள்ளையின் உச்சியில் முத்தம் கொடுத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது.

நகவெட்டி அழுந்தியது.

கட்டைவிரல் ஓரத்தில் ரத்தம் முத்தாக நின்றது.

கை தவறிவிட்டது என்றாள் நர்ஸ். பதினாறு வருட வேலையில் அவள் கை தவறியதே இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். விரலைத் தண்ணீரில் காட்டினாள். பிள்ளை அழவில்லை. அவளுக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது.

“கோவமாக்கா? நான் என்ன பண்றது, இந்த வருஷம் எனக்கு அவங்களைத்தானே கொடுத்திருக்காங்க.”

வேன் வருவதற்கு முன்பே பெரிய பிள்ளைகள் உட்கார்ந்து பிரித்துவிடுவார்களாம். புதிதாக வருகிறவர்களோடு ஆளுக்கொரு பிள்ளை ஒட்டிக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது வேனுக்குப் பின்னால் ஓடுவதும் அதில் சேர்த்திதான். இல்லாவிட்டால் அடுத்த வருடம் வரமாட்டார்கள். களிம்பும் வராது. பாத்திரம் தேய்த்தேன், தண்ணீர் பிடித்தேன் என்பதுபோல் பிள்ளை அதைச் சொல்லி முடித்தது.

நர்ஸ் விரலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அப்படியானால் இந்த வருடம் எனக்கு யார் என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டும் விட்டாள்.

பிள்ளை சிரித்துவிட்டது. “உங்களுக்கு எதுக்குக்கா ஆளு? ரெண்டு வருஷம் வந்துட்டா அப்புறம் தானா வந்துருவாங்கன்னு பெரியவங்க சொன்னாங்க. நீங்கதான் நம்ம ஆளாச்சே!”

நர்ஸ் விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டினாள். பிள்ளையைக் கொண்டுபோய் கித்தார்க்காரியின் மடியில் தானே உட்கார வைத்தாள். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளை இருக்கச் சொல்லிவிட்டு, போதகரைத் தேடி வேகமாக நடந்தாள்.

அடுத்த வருடப் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று அன்று காலைதான் அவரிடம் சொல்லியிருந்தாள்.