நாலு மணி வரைக்கும்

மாப்பிள்ளையின் வலது கால் ஆட ஆரம்பித்துவிட்டது. சலூன்காரர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார், வாயெல்லாம் கசந்தது. இவனுக்குப் போய்த் தங்கையைக் கட்டிக்கொடுத்தோமே!

"அண்ணே, அவர் பையில பாப்பாவோட ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. தன் கையாலதான் கட்டணும்னு ஆசைப்படுறாரு. நாலு மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன், அதுவரைக்கும் வெளிய விட்டுடாதே" என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள் தங்கை. எதிர் மாடியில் சீட்டு கிளப். அறுபது நாளாக அவன் அந்தப் படி ஏறவில்லை.

சூதாட்டப் பித்தின் அறிகுறிகளை டாக்டர் அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார். காலாட்டம், கூசாத பொய், சும்மா சும்மா மணி பார்ப்பது. 'விட்டதைப் பிடிக்கணும்' என்று பேசினால் முற்றிவிட்டது என்று அர்த்தமாம்.

சலூன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

"அறுபது நாள் அடங்கி இருந்தா யோக்கியனா? நாய் வாலை நிமித்த முடியுமா?" என்று நாற்காலியிலிருந்த வீட்டு புரோக்கரின் காதில் முணுமுணுத்தார்.

புரோக்கருக்குச் சவரம் முடிந்து கால் மணி நேரமாகிறது. எழுந்திருக்கிற வழியாக இல்லை. "தம்பி, நீங்க பேப்பர் படிங்க. டீ சொல்லட்டுமா?" என்று மாப்பிள்ளையை விழுந்து விழுந்து உபசரித்தார்.

"ஒரே புழுக்கம்" என்று சலூன்காரர் கதவை அகலத் திறந்து வைத்தார். எதிர் மாடிப்படி நேராகத் தெரிந்தது. மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

மாப்பிள்ளை எழுந்தான். "மச்சான், ஒரு தம் போட்டுட்டு இதோ வந்துடறேன்."

சிகரெட் பக்கமே போகாதவன்!

"போய்ட்டு வாங்க மாப்ளே."

"தம்பி, தம்பி! நில்லுங்க!" புரோக்கர் பதறி எழுந்தார்.

மாப்பிள்ளை நடுரோட்டில் ஒரு நிமிஷம் தயங்கினான். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறிவிட்டான்.

"த்தூ! பெத்த பொண்ணோட ஃபீஸ் பணம்... இதெல்லாம் ஒரு ஜென்மமா?" சலூன்காரர் வாஷ்பேசினில் காறித் துப்பினார். வாய் கொப்பளித்து, கையைத் துடைத்துக்கொண்டு, புரோக்கரின் முன்னால் நீட்டினார்.

"நாலடிக்க இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு, எடுங்க பந்தயப் பணத்தை! நேத்து விட்டதைப் பிடிச்சுட்டேன்."