விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

நிலநடுக்கம் வந்து இருபது நாளாகிறது. சமையலறைச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. பூமி மறுபடி அசைந்து விரிசல் விரிந்தால் அது உடையும். உடைந்தால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போன வாரம் அதை ஒட்டித் தேதி எழுதிப் போன பொறியாளர் இப்போது டார்ச் அடித்துப் பார்க்கிறார். அம்மா துடைத்த அடுப்பையே துடைக்கிறாள்.

"முழுசாத்தான் இருக்கு."

"இருக்காதா பின்னே? எங்க வீட்டுக்காரர் கட்டின சுவராச்சே சார். அவரே போய்ட்டாரு, அது அசையல."

பொறியாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியின் ஓரத்துப் பசையில் நகத்தை வைக்கிறார். நகம் பதிகிறது; பசை இன்னும் காயவில்லை. குழாய் சொட்டுகிறது. முந்தாநாள் அதிர்வில் அவர் ஒட்டிய துண்டு உடைந்தது. அப்பா படத்தின் கண்ணாடியை அறுத்து அம்மா ஒட்டினாள். எனக்கு இப்போது பயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"தேதி யாரும்மா எழுதினது? அச்சு அசலா என் எழுத்து."

"நான்தான்," என்கிறேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, டார்ச்சை அணைக்கிறார். "இங்க எத்தனை பேர் தூங்குறீங்க?"

"மூணு பேர், தம்பியோட சேர்த்து," என்கிறேன்.

அம்மா அலமாரியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் இறக்கத் தொடங்குகிறாள்.