காரணமில்லாத வரி

கஜேந்திரனின் கழுத்தை ஹுஸைன் இரண்டு கைகளாலும் நெரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ! கஜேந்திரன் உட்கார்ந்திருந்த கதிரை சரிந்தது. மேசையிலிருந்த கணினித் திரை விழுந்து நொறுங்கியது.

"நிப்பாட்டு! அந்த மெசேஜ் போறதை நிப்பாட்டுடா!"

கஜேந்திரனுக்குப் பேச மூச்சு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஹுஸைனின் முகத்தில் ஓங்கிக் குத்தினான். மூக்கு உடைந்து இரத்தம் இருவர் சட்டையிலும் வழிந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

ஓடி வந்த செக்யூரிட்டி யோசிக்கவே இல்லை. பொல்லால் பின்மண்டையில் ஒரே போடு. ஹுஸைன் குப்புற விழுந்தார், அசையவில்லை.

"ஐயோ, சேர்!" என்று அலறினாள் அங்கே வேலை செய்யும் சர்மிளா.

"சேராம் சேர்! பொலிஸுக்கு போன் அடிங்க!" கஜேந்திரன் இருமினான். "இவரு எழுதின பழைய புரோகிராமைத் தூக்கிப் போட்டுட்டோமாம். அதுக்குத்தான் இந்தக் கொலைவெறி!"

பழைய பெருங்கணினிகளில் அசெம்ப்ளர் மொழியில் எழுதியவற்றை இன்றைய மொழிகளுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் கண்டியில் அவன் நடத்தும் கம்பனியின் தொழில். இப்போது கையில் இருந்தது ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வேலை. அந்தப் புரோகிராமை எழுதி, போன வருஷம் ஓய்வு பெறும்வரை பார்த்துவந்த ஹுஸைனையே ஆலோசகராக வைத்திருந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் முகம் கோணாமல்தான் உதவினார். "எல்லாத்தையும் வீசுங்க தம்பி. இந்த ஒரு வரியை மட்டும் அப்படியே புதுசுக்கு மாத்துங்க" என்று கெஞ்சினார், அவ்வளவுதான்.

ஒரு காப்புறுதிப் பொலிசியில் இருவர் பெயர் இருந்து, ஒருவருடைய விலாசம் மாறினால், மற்றவருக்குப் புதிய விலாசத்தோடு அறிவிப்புப் போகும். ஒரேயொரு பொலிசி இலக்கத்துக்கு மட்டும் அதை அனுப்பாதே என்றது அந்த வரி. ஏன் என்று கேட்டால், "வெளியில சொல்ற விஷயமில்ல தம்பி" என்பார். காரணம் சொல்ல முடியாத வரி புதிய மொழிக்குப் போகக்கூடாது என்பது கஜேந்திரனின் சட்டம். எடுத்தெறிந்துவிட்டான்.

இன்று காலை புதிய புரோகிராம் ஓடத் தொடங்கியது. அனுப்பப்படாமல் தேங்கிக் கிடந்த அறிவிப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசிகளுக்குப் பறந்தன. மதியம் வந்து திரையைப் பார்த்த ஹுஸைன், பார்த்த கணமே பாய்ந்துவிட்டார்.

பொலிஸ் வருவதாக இல்லை. சர்மிளா தரையில் உட்கார்ந்து அவருடைய இரத்தத்தைத் துடைத்தாள்.

"மகள் காணாமப் போன நாள்ல இருந்தே சேருக்கு மனசு சரியில்லைங்க. அந்த மருமகனும் பாவம், கெலிஓயாவுல இருந்து பேராதனை வரைக்கும் தேடாத எடமில்ல."

"அதுக்கு என் கழுத்தா கெடைச்சது? மறியல்ல, கம்பிக்குப் பின்னால கெடக்கட்டும்!"

ஹுஸைனின் சட்டைப் பையில் தொலைபேசி அலறியது. கஜேந்திரன் அதை உருவியெடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

பலகை பிளக்கும் சத்தம். ஒரு குழந்தையின் வீரிடல். அதற்கும் மேலே ஒரு பெண்ணின் குரல்:

"வாப்பா! மாப்புள கோடாலியால கதவைக் கொத்துறாரு... இந்த வூட்டு விலாசத்தை அவருக்குக் குடுத்த யாரு?"