ஏப்ரலில் பழுத்த ஆம்ப்

"வெள்ளியை வெச்சுக்கோங்க, மத்த ரெண்டையும் குடுத்துடுங்கன்னு நான்தான் சொல்றேனே! அதுக்கு எதுக்குங்க இந்தக் கூத்து?"

கையில் துடைப்பத்தோடு நின்றாள் சிகுசா. டோக்கியோவில் டிசம்பர் கடைசி என்றால் வீட்டுக்கு வீடு ஒட்டடை அடிக்கும் காலம். அவள் வீட்டில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாமானும் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. மிச்சமெல்லாம் புத்தாண்டுக்கு முன்னால் வெளியே போய்விட வேண்டும்.

அவள் கணவர் மொரிகுச்சியிடம் ஆம்ப் மூன்று இருந்தன. பாட்டுக் கருவிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே செருகி, ஒலிக்குத் தெம்பு ஏற்றும் சின்னப் பெட்டிகள். சட்டைப் பையில் அடங்கும், விலையும் பயமுறுத்தாது. கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று, வெள்ளி நிறத்தில் ஒன்று. பெற்ற பிள்ளைகளில் யாரை வீட்டோடு வைத்துக்கொள்வது என்று கேட்டதைப் போல மனிதர் சரியாகச் சாப்பிட்டே ஒரு வாரம் ஆகிறது.

"நிறத்தைப் பாத்து எடுக்க இது என்ன குடையா? காது சொல்லணும், சிகுசா. கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேக்கப் போறேன். எது ஜெயிக்குதோ அதுதான் வீட்டுல."

நடுவராக வந்திருந்தவர் உசாமி. இணையத்தில் ஆம்ப்களைப் பற்றிச் சண்டை போட்டே மொரிகுச்சிக்கு உயிர் நண்பர் ஆனவர். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்.

"தோத்த ரெண்டையும் நானே அகிஹபாரா கடைத்தெருவுல பழைய சாமான் கடையில போட்டுடறேன், அண்ணி. ரொம்ப நாணயமான கடை. ஸ்க்ரூவைக் கழட்டி உள்ளே பாத்துட்டுத்தான் எடுப்பாங்க."

சிகுசா ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கோப்பையைத் தாண்டி மேசையில் ஓடியது.

"உள்ளே எதுக்குங்க பாக்கணும்?"

"அது அவங்க வழக்கம், அண்ணி."

மொரிகுச்சியின் கண்ணைக் குளியல் துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். உசாமி மூன்றிலும் சத்தம் ஒரே அளவில் வரும்படி சரிபார்த்தார். பிறகு ஒரு பாட்டை ஓட விட்டார். ஒரு பெண்ணின் குரல், கூடவே ஒரு கிட்டார்.

முதல் பெட்டி. மொரிகுச்சி உடனே முகத்தைச் சுளித்தார்.

"இது நீலம். எல்லாத்துலயும் சோயா சாஸைக் கொட்டின மாதிரி ஒரே தும்தும் பாஸ். எடுத்துடு."

நீலம்தான். உசாமிக்குப் புல்லரித்தது. சிகுசாவுக்கு வியர்த்தது. இந்தப் பாழாய்ப்போன காது இவ்வளவு கூர்மையாக இருந்து தொலைக்கிறதே!

இரண்டாவது பெட்டி. மொரிகுச்சியின் முகம் மலர்ந்தது.

"ஆகா! கிட்டார்காரன் வலது பக்கம், பாடறவ நடுவுல. அவளுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் திறந்திருக்கு."

"ஜன்னலா?"

"காத்து வருதுய்யா!"

அது கறுப்பு. கதை முடிந்தது என்று சிகுசா நினைத்தாள். வெள்ளி கடைக்குப் போகும், ஸ்க்ரூவைக் கழற்றுவார்கள், உசாமி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். அப்புறம் கணவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"ஏங்க, அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க. மூணாவதையும் பொறுமையா கேளுங்க. நல்லா ஆழமா கேளுங்க!"

"அட, அண்ணிக்கும் நம்ம பைத்தியம் தொத்திக்கிச்சா!" என்றார் உசாமி.

மூன்றாவது பெட்டி. பாட்டு முடிந்தது. மொரிகுச்சி மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார். அதுவும் முடிந்தது.

"இதுல... ஒண்ணுமே இல்ல."

சிகுசா பதறிப்போய்க் கிட்டே வந்தாள். "ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல! பூச்சு இல்ல, பவுசு இல்ல. உள்ளே போன பாட்டு அப்படியே வெளியே வருது. நடுவுல ஒரு ஆம்ப் இருக்கறதே தெரியல! இதுதான்யா ஆம்ப். இதுதான் என்னோட இருக்கணும்."

துண்டை அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளி. உசாமி ஹெட்போனைப் பிடுங்கித் தானும் கேட்டார்.

"எப்படிய்யா? நீ வாங்கின புதுசுல நானும் கேட்டேனே. சுமாராத்தானே இருந்துச்சு?"

"பழுத்துடுச்சு. புது ஆம்ப் காய் மாதிரி, மணிக்கணக்கா பாட விட்டாத்தான் பழுக்கும்னு சொன்னேனே, நீ சிரிச்சே. இது ஏப்ரல்ல பழுத்துச்சு. ஒரு நாள் காலையில ரயில்ல காதுல மாட்டறேன், ஆளே மாறிப்போயிருக்கு! அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனா இல்லையா, சிகுசா?"

"சொன்னீங்க" என்றாள் சிகுசா. கண்ணில் நீர் முட்டியது.

"பாருய்யா, சந்தோஷத்துல அழறா" என்று மொரிகுச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உசாமி கறுப்பையும் நீலத்தையும் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். மொரிகுச்சி வெள்ளிப் பெட்டியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சிகுசா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, தெருமுனையில் மின்சாதனங்கள் பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டாள்.

"தப்பிச்சோங்க! ஆமா, அதேதான், ஏப்ரல்ல நான் ஜாக்கெட்டோட சேத்து வாஷிங் மெஷின்ல போட்டேனே, அந்த வெள்ளிப் பெட்டி. உள்ளே எல்லாம் போச்சுன்னு வழிச்சு எறிஞ்சுட்டு, இந்த ஓட்டைக்கும் அந்த ஓட்டைக்கும் ஒரு வயரை இழுத்துக் கட்டி, பேருக்கு ஒரு சிவப்பு விளக்கு வெச்சுக் குடுத்தீங்களே, அந்த வயருக்குத்தான் முதல் பரிசு! சிரிக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் காது லேசுப்பட்டது இல்ல. நீங்க குடுத்த மறுநாளே வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லிட்டாரு."