ஒரு கொக்கி காலி

"எவனோ ஒருத்தன் ஊர் சுத்துறதுக்காக நாங்க எல்லாரும் கடல்ல சாகணுமா?"

கேட்டவர் ஓய்வுபெற்ற மேனேஜர். படகு டிரைவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கிய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகை முழுக்கக் கொக்கிகள். காலையில் கரையிலேயே தலைக்கு ஒன்றாகக் கயிறு கோத்த தகர வில்லை கொடுத்துவிடுவார்கள். படகில் ஏறினால் அதைக் கொக்கியில் மாட்ட வேண்டும். தீவில் இறங்கினால் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் கொக்கியும் நிறைந்துதான் படகு கிளம்பியது. முதல் தீவிலும் நிறைந்தது, இரண்டாவதிலும் நிறைந்தது. இந்த மூன்றாவது தீவில் ஒரு கொக்கி காலி.

வானமோ கருத்துக்கொண்டே வந்தது.

படகின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில், சால்வைக்குள் கைக்குழந்தை. பக்கத்தில் கணவன். இரண்டாவது தீவு தாண்டியதிலிருந்து பிளாஸ்டிக் பையும் கையுமாகக் குனிந்தவன், இன்னும் நிமிரவில்லை. இந்தத் தீவில் இறங்கவும் இல்லை. கொஞ்ச நேரமாவது ஆடாத தரையில் நிற்கலாமே என்று அவள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வானத்தைப் பார்த்ததும் பதறியடித்து ஏறினாள்.

காலையில் டிரைவரை நச்சரித்ததும் அவள்தான்.

"அண்ணா, குழந்தையை வெச்சுக்கிட்டு என்னால வேகமா நடக்க முடியாது. விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?"

"கொக்கி நிறையாம நான் கயித்தை அவுக்கறதில்லம்மா."

அப்போது அந்த வார்த்தை வயிற்றில் பால் வார்த்தது. இப்போது அதே வார்த்தையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவர் ஹார்ன் அடித்தார். பறவைகள் எழும்பி, மறுபடி உட்கார்ந்தன. இறங்கிப் போய்த் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"கண்ணுல படல."

"எப்படிப் படுவான்? சிவப்பு டி-ஷர்ட் போட்ட ஒரு தடியன். நான் காலையிலேயே கவனிச்சேன்," என்றார் மேனேஜர்.

"ஆமா, தாடிகூட வெச்சிருந்தான்," என்றாள் ஒரு டீச்சரம்மா.

"பாறைப் பக்கம் நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தான்," என்றான் புது மாப்பிள்ளை.

"சிகரெட் மட்டுமா? பையில பாட்டில் சத்தம் கேட்டுச்சு," என்றாள் அவன் பெண்டாட்டி.

"சிவப்புச் சட்டைல யாரும் ஏறின ஞாபகம் எனக்கு இல்லையே," என்றார் டிரைவர்.

"உமக்கு ஞாபகம்னு ஒண்ணு இருந்தா நாங்க ஏன்யா இங்க தவிக்கிறோம்?"

கொஞ்ச நேரத்துக்குள் காணாமல் போனவனுக்குக் குடி முற்றி, வேலை போய், வீட்டில் பெண்டாட்டியும் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த அவளும் பொங்கிவிட்டாள்.

"எங்க கான்வென்ட்ல பெல் அடிச்சா கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு ஓடி வருவோம். இவனையெல்லாம் எந்த அம்மா பெத்து வளர்த்தாளோ! பொறுப்புன்னு ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்க வேண்டாம்?"

"கரெக்டாச் சொன்னேம்மா!" படகே தலையாட்டியது.

காலையிலிருந்து அவளுடைய பயத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும். முதல் தடவையாகப் பாராட்டியதும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஓயாமல் சிணுங்கிய குழந்தைகூட இப்போது சால்வைக்குள் எதையோ சப்பிக்கொண்டு சமர்த்தாக இருந்தது.

மேனேஜர் எழுந்து நின்றார். "ஜனநாயகமா முடிவு பண்ணிடுவோம். கிளம்பலாம்கிறவங்க கை தூக்குங்க."

"சார், இன்னிக்கு இருக்கிற காத்துக்கு அலை இந்தத் தீவையே மூடிடும்," என்றார் டிரைவர். "விட்டுட்டுப் போனா ஆள் பிழைக்காது."

"அது அவன் தலையெழுத்து," என்று முதல் கையைத் தூக்கினாள் டீச்சரம்மா.

ஒவ்வொரு கையாக எழுந்தது. கணவன் தலை நிமிராமலே பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினான்.

அவள் மட்டும்தான் பாக்கி. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஓர் அலை வந்து படகை ஓங்கி அறைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். என் குழந்தை பத்திரமாக வீடு சேர்ந்தால் போதும்.

கையைத் தூக்கினாள்.

சால்வை நழுவியது.

தூக்கிய மற்ற கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

கண்ணைத் திறந்தாள். குழந்தை எல்லாரையும் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து, எச்சில் சொட்டச் சொட்ட நழுவி மார்பில் விழுந்தது ஒரு தகர வில்லை. "பாப்பாவும் ஒரு தலைதானே" என்று காலையில் கரையில் இருந்தவர் குழந்தையின் கழுத்தில் போட்டுவிட்டது. இந்தத் தீவிலிருந்து ஏறிய பதற்றத்தில் தன்னுடையதை மட்டும் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சிவப்பு டி-ஷர்ட்காரன், தாடியோடும் பாட்டிலோடும் அந்தக் கணமே மறைந்து போனான்.

டிரைவர் பக்கத்தில் வந்தார். வில்லையைப் பதமாகக் கழற்றி, தன் சட்டையில் துடைத்து, காலிக் கொக்கியில் மாட்டினார். கயிற்றை அவிழ்க்கப் போனவர் திரும்பிப் பார்த்தார். அவள் கை இன்னும் மேலேயே நின்றது.

"கையை எறக்குங்கம்மா. பிள்ளையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. எல்லாரும் வந்தாச்சு."